லோகோ: சிறுவர் நிரலாக்கக் கல்வியின் வரலாறு

லோகோ என்பது சிறுவர்கள் கற்பதற்கென்றே 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நிரல்மொழி ஆகும். இன்று உலகெங்கும் பள்ளிகளில் பயன்படும் ஸ்கிராட்ச் இதன் வழிவந்ததே. கணினி குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமா, குழந்தை கணினிக்குக் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்வி இம்மொழியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பின்னணி

1960களில் கணினி என்பது பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் மட்டுமே இருந்த, மிகுந்த விலையுள்ள கருவி. கல்வியில் அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பயிற்சி வினாக்களுக்கே பயன்படுத்தினர். கணினி கேள்வி கேட்கும். மாணவர் விடை அளிப்பார். சரியா தவறா என்று கணினி சொல்லும்.

இதற்கு மாறாகச் சிந்தித்தவர் சீமோர் பாப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர் ஒரு கணிதவியலாளர். சிறுவயதில் பற்சக்கரங்களோடு விளையாடியதே தமக்குக் கணிதத்தில் பற்று உண்டாகக் காரணம் என்று பின்னாளில் எழுதினார். ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றினார். குழந்தைகள் அறிவைப் பெற்றுக்கொள்வதில்லை, தாமே கட்டியெழுப்புகின்றனர் என்ற பியாஜேயின் கருத்து இவரை ஆழமாகப் பாதித்தது. பின்னர் இவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

தோற்றம்

போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்னும் ஆய்வு நிறுவனத்தில் வாலி ஃபர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் இணைந்து பாப்பர்ட் லோகோவை உருவாக்கினார். தொடக்கத்தில் அது சொற்களையும் வாக்கியங்களையும் கையாளும் மொழியாகவே இருந்தது. சில ஆண்டுகளில் தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு வரையும் ஒரு சிறு இயந்திரம் அதனுடன் இணைக்கப்பட்டது. அதற்கு ஆமை என்று பெயரிட்டனர். பின்னர் அந்த ஆமை திரையில் ஒரு சிறு முக்கோணமாக மாறியது.

ஆமையும் வழுவும்

'முன்னே 100', 'வலப்புறம் 90' என்ற இரு கட்டளைகளை நான்கு முறை கொடுத்தால் ஆமை ஒரு சதுரம் வரைந்துவிடும். அடுத்து, மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வரைய முயலும் குழந்தை பெரும்பாலும் 60 பாகை திரும்பச் சொல்லும். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று அது வகுப்பில் படித்திருக்கிறது. ஆனால் மூன்று கோடுகள் போட்டபின்னும் உருவம் மூடாது; பாதி அறுகோணமே கிடைக்கும்.

இவ்விடத்தில் குழந்தை எழுந்து நின்று, தானே ஆமையாக நடந்து பார்க்கலாம். மூலையில் திரும்ப வேண்டியது உள்கோணமான 60 அல்ல, வெளிக்கோணமான 120 பாகை என்பது அப்போது புலப்படும். முழுச் சுற்று 360 பாகை. அதை மூன்றாகப் பகுத்தால் 120. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே ஒரு வடிவியல் உண்மை கைவசமாகிறது.

விடைத்தாளில் தவறு என்றால் சிவப்பு மை. நிரலிலோ அது வழு. தேடித் திருத்தினால் போதும். தவறு செய்ய அஞ்சாத மனநிலையே நிரலாக்கம் குழந்தைக்குத் தரக்கூடிய பெரும் பயன் என்று பாப்பர்ட் கருதினார். 1980இல் வெளியான 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலில் இக்கருத்துகளை விரிவாக எழுதினார்.

பரவலும் பின்னடைவும்

1980களில் வீட்டுக் கணினிகள் மலிந்தபோது லோகோ பல நாடுகளின் பள்ளிகளுக்குப் பரவியது. எதிர்பார்ப்புக்கேற்ற பலன் எல்லா இடத்திலும் கிட்டவில்லை. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீயும் மிடியன் கர்லண்டும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், லோகோ கற்ற மாணவர்கள் திட்டமிடும் திறனில் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்று தெரிவித்தனர்.

மொழி மட்டுமே மாற்றத்தைத் தந்துவிடாது, அது பயன்படும் சூழலே முதன்மையானது என்று பாப்பர்ட் பதிலளித்தார். வகுப்பறையிலிருந்து கணினியைப் பிரித்துத் தனி ஆய்வகத்தில் வைத்து, அதற்கென ஒரு பாடத்திட்டமும் வகுத்து, பள்ளி அதைத் தன் பழைய வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது என்பதே அவரது குறை. 1990களில் பள்ளிகளில் லோகோவின் செல்வாக்கு குறைந்தது.

ஸ்கிராட்ச்

பாப்பர்ட்டுடன் பணியாற்றிய மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் ஸ்கிராட்ச் மொழியை வெளியிட்டது. இதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகிவிடும். எழுத்துப் பிழையால் நிரல் நின்றுபோகும் தொல்லை இல்லை. கதை, விளையாட்டு, அசைபடம் என விரும்பியதைச் செய்து பிறருடன் பகிரலாம். மற்றொரு குழந்தை அதை எடுத்து மாற்றியமைக்கலாம். பாப்பர்ட் 2016இல் காலமானார்.

இந்தியாவும் தமிழும்

இந்தியாவில் 1984-85இல் நடுவண் அரசு பள்ளிகளில் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கச் செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறது. தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழி 2009இல் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலம் அறியாத தமிழ் மாணவரும் தாய்மொழிச் சொற்களாலேயே நிரல் எழுதக் கற்கலாம் என்பது அதன் நோக்கம்.

நிரலாக்கம் பாடத்திட்டத்துக்குள் வரும் இக்காலத்தில் லோகோவின் பின்னடைவு நினைவிற்கொள்ளத் தக்கது. கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் இடும் வகுப்பில் அது இன்னொரு மனப்பாடப் பாடமாகிவிடும். மூடாத முக்கோணத்தைக் குழந்தை தானே ஆராய்ந்து திருத்த நேரம் தரும் வகுப்பிலேயே ஆர்வம் நிலைக்கும்.