வாரங்கல் ஆண்ட ருத்ரமதேவி

மும்பையிலிருந்து ஐதராபாத் பக்கம் செல்லும் தேவகிரி எக்ஸ்பிரஸில் தாதரில் ஏறி அமரும் தாராவித் தமிழருள், அவ்வண்டியின் பெயரைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் சிலரே இருப்பர். தேவகிரி என்பது இன்றைய தௌலதாபாத் கோட்டை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாதவ மன்னரின் தலைநகர். அந்நாளில் மகாதேவன் என்னும் யாதவ மன்னனின் படையும் ஏறக்குறைய இவ்வண்டி செல்லும் திசையிலேயே தெலுங்கு நாட்டை நோக்கிச் சென்றது. அங்கே வாரங்கல்லில் அரியணையில் வீற்றிருந்தவள் காகதீய ருத்ரமதேவி.

அவள் தந்தை கணபதிதேவன் 1199 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். காஞ்சி வரை தன் ஆணையைச் செலுத்தியவன். முதுமையிலோ பாண்டியன் சடாவர்மன் சுந்தரனிடம் முத்துக்கூரில் தோல்வியுற்றான். பாண்டியன் நெல்லூரில் வீராபிடேகம் செய்துகொண்டான். வெற்றி நம்மவருடையதுதான், ஆயினும் தளர்ந்துபோன ஓர் அரசு மகளின் கைக்கு வந்த வேளை அது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

கணபதிதேவனுக்கு மகன் இல்லை. ஆகவே மகளையே வாரிசாக்கினான். ஆனால் மகளாக அன்று. கல்வெட்டுகள் அவளை 'ருத்ரதேவ மகாராஜர்' என்று ஆண்பெயரால் குறிக்கின்றன. நிடதவோலுச் சாளுக்கியனாகிய வீரபத்திரனை அவள் மணந்திருந்தாள். எனினும் ஆட்சி கணவனுக்குச் செல்லவில்லை. 1262 அளவில் தனியாட்சி ஏற்றாள். பெண்ணின் கீழ்ப் பணிய மனமில்லாத சிற்றரசர் பலர் கிளர்ந்தெழுந்தனர் என்பர்.

இனி யாதவப் படையெடுப்புக்கு வருவோம். மராட்டிய நாட்டில் 'ஹேமாட்பந்தி' என்று வழங்கும் கருங்கற் கோயில்களை நேயர் கண்டிருக்கலாம். அப்பெயருக்கு உரிய அமைச்சர் ஹேமாத்ரி, தம் மன்னன் ஆந்திர வேந்தனின் யானைகளைக் கவர்ந்தான் என்றும், ருத்ரமாவைப் பெண்ணென்று இரங்கி விட்டுவிட்டான் என்றும் எழுதினார். தெலுங்கில் பின்னாளில் எழுந்த நூலோ, அவளே யாதவரைத் தேவகிரி வரை துரத்திப் பெரும்பொன் பெற்றாள் என்கிறது. இரண்டில் எதை நம்புவது? பீதர்க் கோட்டையில் கிடைத்த உடைந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று, அவளுடைய படைத்தலைவன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. பீதர் யாதவர் எல்லைக்குள் இருந்த ஊர். தோற்று, இரக்கத்தால் பிழைத்தவளின் படைத்தலைவனுக்கு அங்கே என்ன வேலை? பெரும்பொன் கதை மிகையாகலாம். இரக்கக் கதை எனக்குப் பொருந்தவில்லை.

வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் அவளைப் பற்றி எழுதினார். மோட்டுப்பள்ளித் துறையையும், சிலந்தி வலை போன்ற மெல்லிய துணியையும், வைரங்களையும், அரசியின் நீதியையும் வியந்தார். ஆயினும் அவளை இறந்த மன்னனின் கைம்பெண் என்றே கொண்டார். தந்தைக்குப் பின் மகள் ஆளக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்!

தனக்கும் ஆண்மகவு இல்லாமையால், மகள் மும்மடம்மாவின் மகன் பிரதாபருத்ரனைத் தத்தெடுத்து வாரிசாக்கினாள். இறுதிக் காலத்தில் காயஸ்த குலத்து அம்பதேவன் பகைத்தெழுந்தான். நல்கொண்டாப் பகுதியிலுள்ள சந்துபட்லாவில் ஒரு கல் நிற்கிறது. 1289 நவம்பரில் பொறிக்கப்பட்ட அக்கல், ருத்ரமதேவியும் அவள் படைத்தலைவன் மல்லிகார்ச்சுன நாயகனும் சிவலோகம் எய்தியமைக்காக ஓர் ஊழியன் செய்த அறத்தைக் கூறுகிறது. இருவரையும் சேர்த்தே சொல்வதால், முதிய பருவத்திலும் அவள் போர்க்களத்திலேயே மாண்டாள் என ஆய்வாளர் கருதுவர்.