சதுர கிலோமீட்டருக்கு ஒரே ஆள்: திபாங் நதிப் பள்ளத்தாக்கு உண்மையிலேயே ‘காலி’தானா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அருணாச்சலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்துக்கு நேரே இருக்கும் எண்களைப் பார்த்தால், அச்சுப்பிழையோ என்று தோன்றும். பரப்பளவு 9,129 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 8,004. டெல்லியைப் போல ஆறு மடங்கு இடம். ஆனால் ஆட்கள் எண்ணாயிரம் பேர்தான். மக்கள் அடர்த்தி என்ற இடத்தில் ‘1’ என்று இருக்கும். நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் இது.

இந்த ‘1’ வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. இங்கே அணை கட்டுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், இடம்பெயர வேண்டியவர்கள் ரொம்பக் குறைவு என்ற வாதமும் கூடவே வரும்.

எங்கே ஓடுகிறது?

பிரம்மபுத்திராவை உருவாக்கும் மூன்று பெரிய ஆறுகளில் திபாங்கும் ஒன்று. மற்ற இரண்டான சியாங்கும் லோஹித்தும் எல்லைக்கு அப்பாலிருந்து வருபவை. திபாங் இந்திய எல்லைக்குள்ளேயே, பனிமலைகளில் பிறக்கிறது. திரி, டாலோ என்ற இரண்டு ஆறுகள் எடலின் அருகே கலந்து, ஆழமான பள்ளத்தாக்கு வழியே தெற்கே பாய்கின்றன. நிஜாம்காட்டில் மலையை விட்டு இறங்கியதும் ஆற்றின் குணமே மாறிவிடும். கொண்டுவந்த கல்லையும் மணலையும் கொட்டிவிட்டு, பல கிளைகளாகப் பிரிந்து அகலமாகப் பரவுகிறது. எவ்வளவு அகலம் என்றால், சமவெளியில் அதன் மேல் கட்டப்பட்ட பாலத்தின் நீளமே 6.2 கிலோமீட்டர்!

நில அதிர்வு அபாயம் மிக அதிகமுள்ள பகுதியும் இதுதான். 1950 ஆகஸ்ட் 15 அன்று இந்த மிஷ்மி மலைப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு 8.6. மலைச்சரிவுகள் ஆறுகளை அடைத்தன, பிறகு வெள்ளம் வந்தது. கீழே அசாமில் இருந்த பழைய சதியா நகரம் அழிந்தது.

காட்டைக் காப்பது யார்?

மாவட்டத்தின் கிட்டத்தட்ட பாதி, அதாவது 4,149 சதுர கிலோமீட்டர், வனவிலங்கு சரணாலயம். ஆனால் புலிகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. 2012 டிசம்பரில் ஆங்கிரிம் பள்ளத்தாக்கு கிராமத்தில் புலிக்குட்டிகள் மீட்கப்பட்டன. அதன் பிறகு இந்திய வனவிலங்கு நிறுவனம் தானியங்கி கேமராக்களை வைத்துத் தேடியது. 336 சதுர கிலோமீட்டருக்குள் குட்டிகள் உட்பட 11 புலிகள் பதிவாயின. ஒன்று 3,630 மீட்டர் உயரத்தில், பனிக்கு நடுவே. இது புலிகள் காப்பகம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே வாழும் இடு மிஷ்மி மக்களின் தொன்மக் கதையில் புலியும் மனிதனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். புலி அண்ணன், மனிதன் தம்பி. அதனால் புலியைக் கொல்லக் கூடாது. தப்பிக்க வழியில்லாமல் கொல்ல நேர்ந்தால், இறந்த மனிதருக்குச் செய்வது மாதிரியே ‘இகு’ என்ற பூசாரியை வைத்துச் சடங்கு செய்ய வேண்டும். ஹூலக் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கை வேட்டையாடவும் தடை உண்டு. மற்றபடி அவர்கள் வேட்டையாடுபவர்கள்தான். காய்ச்சலுக்கு மருந்தாகும் ‘மிஷ்மி தீதா’ வேரை மரநிழலில் தேடித் தோண்டி விற்பவர்களும்கூட. ஆக, ஆள் நடமாட்டமே இல்லாததால் தப்பிய காடு என்று இதைச் சொல்ல முடியாது. சரணாலயத்தைப் புலிகள் காப்பகமாக்கும் யோசனை வந்தபோது, இதே மக்கள் அதை எதிர்த்தார்கள். தங்களைக் கேட்காமல் கோடு போடுவதுதான் அவர்களுடைய பிரச்சினை.

அணைகள் எந்த நிலையில் உள்ளன?

கீழ்ப்பகுதியில் என்ஹெச்பிசி கட்டும் திபாங் பல்நோக்குத் திட்டம் 2,880 மெகாவாட். அணையின் உயரம் 278 மீட்டர், இப்போது நாட்டின் மிக உயரமான அணையான தெஹ்ரியைவிட (260.5 மீட்டர்) அதிகம். 2008 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது வன அனுமதியும் இல்லை, சுற்றுச்சூழல் அனுமதியும் இல்லை. எதிர்ப்பால் தள்ளிக்கொண்டே போன பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2013-ல்தான் முடிந்தது. வன ஆலோசனைக் குழு 2013-லும் 2014-லும் மறுத்தது. அணையின் உயரத்தில் 10 மீட்டர் குறைத்ததும் 2014-லேயே சம்மதித்தது. காட்டு நிலம் 4,577 ஹெக்டேர் போகிறது. 2023 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவைக் குழு 31,876 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அசாமின் வெள்ளத்தைக் குறைப்பதும் இதன் நோக்கம். அந்தத் தேவை உண்மையானது, தட்டிக்கழிக்க முடியாது.

மேலே இருக்கும் எடலின் திட்டத்தின் கதை வேறு. திரி, டாலோ இரண்டின் குறுக்கேயும் ஆளுக்கொரு அணை. 2.7 லட்சத்துக்கும் அதிகமான மரங்களை வெட்ட வேண்டும். 2022 டிசம்பரில் வன ஆலோசனைக் குழு இதை ஏற்காமல், திருத்திக் கொண்டுவரச் சொன்னது. 2023 ஆகஸ்டில் பொதுத்துறை நிறுவனமான எஸ்ஜேவிஎன், இதற்காக அருணாச்சல அரசுடன் ஒப்பந்தம் போட்டது. மின்உற்பத்தித் திறன் மட்டும் மாறவில்லை: அதே 3,097 மெகாவாட்.