மிஞ்சிய நரம்புகளின் வேலை

மத்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், கூடப் படித்தவர்களில் காலை விந்தி நடந்த ஒருவரையாவது சொல்வார்கள். இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, எங்கள் வட்டாரத்தில் அவ்வளவு சாதாரணம். இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததற்கான சான்று கிடைத்தது. அதற்கு முன் நோய் கண்டவர்களின் தசைகளுக்குள் நடப்பது இன்னும் முடியவில்லை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தசையின் மின்துடிப்பைக் காட்டும் இ.எம்.ஜி. மெஷினை ஓட்டி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். அதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

தசையைக் காதால் கேட்கும் தொழிலுக்கு வயது நூறு ஆகவில்லை. தண்டுவடத்து நரம்பணு ஒன்றும் அது ஆளும் தசையிழைகளும் சேர்ந்த தொகுதிக்கு ‘இயக்க அலகு’ என்று 1925இல் பெயர் வைத்தவர் உடலியல் விஞ்ஞானி செரிங்டன். 1929இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் அமெரிக்கரான பிராங்கும், ஊசி போடும் ஊசிக்குள்ளேயே மெல்லிய கம்பியைச் செலுத்தி மனிதத் தசைக்குள் இறக்கினார்கள். உள்ளே எழுந்த மின்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்டது. செரிங்டனும் ஏட்ரியனும் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றைய ஊசியும் அடிப்படையில் அதே ஊசிதான்.

டாக்டர் தொடையில் ஊசியை இறக்கி, “லேசா காலை நீட்டுங்க” என்பார். ஸ்பீக்கரில் டக், டக் என்று வினாடிக்கு ஐந்தாறு துடிப்பு வரும். “இன்னும் கொஞ்சம்” என்றதும் அது பத்தை நெருங்கும். வேறொரு ஒலியோடு இரண்டாவது அலகு சேரும், பிறகு மூன்றாவது. முழு பலத்தில் நீட்டினால் தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல எல்லாம் கலந்துவிடும். சிறிய அலகுகள் முதலில், பெரியவை கடைசியில் என்பதுதான் வரிசை. பூனைகளை வைத்து 1957இல் இதை எழுதியவர் ஹார்வர்டின் ஹென்னமன். மனிதக் கையிலும் அதுவே உண்மை என்று 1973இல் உறுதியானது.

போலியோ வந்த காலில் அந்த மழை கிடையாது. ஒரே அலகு வினாடிக்கு இருபது தடவைக்கு மேல் துடிக்கும். துணைக்கு அடுத்தது வராது. ஆனால் திரையில் அதன் உயரத்தைப் பார்க்க வேண்டும்! மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் இருக்கும் இடத்தில், பத்தைத் தாண்டி நிற்கும். வைரஸ் நரம்பணுக்களைக் கொன்ற பிறகு, தப்பித்தவை புதுக் கிளை விட்டு, அநாதையான தசையிழைகளையும் சேர்த்துக்கொண்டதால் வந்த உயரம் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும்.

இப்படிப்பட்ட கால்களோடு வந்தவர்களில், சின்ன வயதில் சொட்டு மருந்து போட்டும் வாதம் வந்தவர்கள் உண்டு. பெற்றவர்கள் மேல் தப்பில்லை. மேலைநாடுகளில் போதுமாக இருந்த மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதாது என்று வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் 1970களிலேயே காட்டினார். திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் நாடெங்கும் தொடங்கியது 1995இல்தான்.

அப்படித் தப்பி, பத்துப் பேர் வேலையை முப்பது நாற்பது வருஷம் தனியாகச் செய்த நரம்பணு ஒருநாள் தளரும். சேர்த்துக்கொண்ட இழைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும். போச்சம்பள்ளிச் சந்தையில் கடை போடும் ஒருவர், “நல்லா இருந்த காலும் இப்ப ஓயுதுங்கண்ணா” என்றார். நல்ல கால் என்று அவர் நம்பியதிலும் நரம்பணுக்கள் செத்திருக்கும். பாதிக்கு மேல் போனால்தான் பலவீனம் வெளியே தெரியும். இந்தத் தளர்ச்சியைச் சோம்பல் என்றோ வயசு என்றோ சொல்லி, “நல்லா நடங்க, மாடி ஏறுங்க” என்று விரட்டுவது கொடுமை.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உடற்பயிற்சியை அவர் களைப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். நடுநடுவே உட்கார விடுங்கள். கழற்றிப் போட்ட, காலைத் தாங்கும் காலிப்பரை மறுபடி மாட்ட வெட்கப்பட்டால், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிவிடுங்கள். புதிதாகப் பலவீனம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போய், சின்ன வயதில் வாதம் வந்ததை முதலில் சொல்லுங்கள்.