மேசையிலிருந்து மடிக்கு இறங்கிய ஜாய்ஸ்டிக்

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு விமானியின் முழங்கால்களுக்கு நடுவே தரையிலிருந்து எழுந்து நிற்கும். காக்பிட் மிகக் குறுகல். பக்கவாட்டில் சாய்க்க முழுத் தண்டையும் ஆட்டினால் தொடையில் இடிக்கும் என்பதால், தண்டின் மேல்பகுதி மட்டும் தனியே மடங்கும்படி அமைத்திருந்தார்கள். அதே ஸ்பிட்ஃபயரை வீட்டுக் கணினியில் ஓட்டுபவருக்குக் கிடைப்பது மேசைமேல் நிற்கும் ஒரு சாண் உயர பிளாஸ்டிக் குச்சி. தோள் தூக்கிக்கொள்ளும், முழங்கை அந்தரத்தில் நிற்கும், மணிக்கட்டு மடங்கியே இருக்கும். ஒரு மணி நேர வான்சண்டைக்குப் பிறகு எதிரியைவிடக் கழுத்துவலிதான் பெரிய தொல்லை. இதைச் சகித்துக்கொள்ளாமல் ரம்பத்தையும் சால்டரிங் இரும்பையும் கையில் எடுத்தவர்களின் வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதில் கம்பெனிகள் பெரும்பாலும் பின்னால் வந்தவைதான்.

கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்வது இந்தத் துறையின் பிறவிக்குணம் என்றே சொல்லலாம். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாமல், ஆர்கனின் துருத்திகளையும் காற்று பம்புகளையும் எடுத்து, தண்டை அசைத்தால் சாயவும் திரும்பவும் செய்யும் ஒரு குட்டி விமானப் பெட்டியை 1929-இல் அவர் உருவாக்கினார். முதலில் அதை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் விமானத் தபால் வேலையில் இறக்கப்பட்டு, மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது. முதல் கொள்முதல் ஆறு. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் செய்யப்பட்டவை பத்தாயிரத்துக்கும் மேல்.

வீட்டுக்குள் விமானம் வந்தது ஆப்பிள்-2 கணினி வழியாக. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய ஃப்ளைட் சிமுலேட்டர் 1980-இல் வெளிவந்தது. அதன் வழித்தோன்றலை மைக்ரோசாஃப்ட் 1982-இல் ஐபிஎம் கணினிக்குக் கொண்டுவந்தது. விசைப்பலகையைத் தட்டித்தட்டி விமானத்தைத் தரையிறக்குவது ஒரு தவம். ஒன்று விசை அழுந்தியிருக்கும், இல்லாவிட்டால் அழுந்தாது. ‘கொஞ்சமாக இழு’ என்பதற்கு அதில் வழியில்லை.

ஐபிஎம் 1981-இல் தன் கணினியோடு அறிமுகப்படுத்திய விளையாட்டு அட்டைதான் வீட்டுத் தச்சர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பதினைந்து ஊசித் துளைகள் கொண்ட அந்த இணைப்பில் நான்கு அச்சுகளும் நான்கு பொத்தான்களும் உண்டு. ஒவ்வொரு அச்சுக்கும் வேண்டியது 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்குமே, அதே பொருள்தான். அதன் வழியே மின்சாரம் பாய்ந்து ஒரு சிறு மின்தேக்கியை நிரப்பும். நிரம்ப எடுத்த நேரத்தை எண்ணிப் பார்த்து, குச்சி எங்கே நிற்கிறது என்று கணினி முடிவு செய்யும். அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு நொடியைவிடச் சற்று கூடுதல். எலெக்ட்ரானிக்ஸ் பட்டம் தேவையில்லை, இரண்டு கம்பியை ஒட்டத் தெரிந்தால் போதும்.

நான்கு அச்சுகள் உண்மையில் இரண்டு ஆட்டக்காரர்களுக்காக ஒதுக்கப்பட்டவை. ஆனால் விமானம் ஓட்டுபவர் தனி ஆள். அதனால் இரண்டாவது ஆளின் அச்சுகள் சும்மா கிடந்தன. ஒன்றைச் சுக்கானை ஆட்டும் ரட்டர் பெடலுக்கும் மற்றொன்றை என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிளைவுட்டில் இரண்டு மிதிகள், நடுவில் ஒரு போல்ட், மிதியைப் பழைய இடத்துக்கு இழுக்க ரப்பர் கயிறு, அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர்: பெடல் தயார். பயணிகள் விமானத்தின் கைச்சக்கரம் வேண்டியவர்கள் மேசை இழுப்பறையின் டிராயர் சேனலைக் கழற்றி, அதன்மேல் பிவிசி குழாயைப் பொருத்தி முன்னும் பின்னும் ஓடவிட்டார்கள்.

தொல்லைகளும் இருந்தன. எண்ணும் வேலை கணினியின் மூளையைச் சேர்ந்தது என்பதால், வேகமான கணினி வாங்கினால் எண்ணிக்கை தாறுமாறாகும். வேகத்தைச் சரிசெய்யத் திருகு வைத்த அட்டைகள் தனியாக விற்பனைக்கு வந்தன. பொட்டென்ஷியோமீட்டரின் கரிப்பாதை தேய்ந்து தூசி படிந்தால், கை அசையாதபோதும் விமானம் துள்ளும். தேய்வது பெரும்பாலும் நடுப்பகுதி, ஏனென்றால் குச்சி அதிகநேரம் நிற்பது அங்கேதான்.

1990-களில் சிஹெச் ப்ராடக்ட்ஸ், த்ரஸ்ட்மாஸ்டர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நிஜ விமானப் பிடிகளைப் போன்ற ஜாய்ஸ்டிக்குகளையும் த்ராட்டில்களையும் கடைக்குக் கொண்டுவந்தன. பொத்தான்கள் பெருகின, உருவம் மிடுக்கானது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை: எல்லாமே மேசைமேல் வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அதற்கு முன்பே வந்திருந்த குவிக்ஷாட் ஜாய்ஸ்டிக்கின் அடியில் மேசையைப் பற்றிக்கொள்ள ரப்பர் உறிஞ்சிகள் வைத்திருந்தார்கள். வாங்குபவரின் தோளும் முழங்கையும் எங்கே இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கோடிக்கணக்கான டாலர் செலவழிக்கும் ஆலைகளே இதில் சறுக்கியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எஃப்-16 விமானத்தின் முன்மாதிரியில் தண்டு விமானியின் வலப்பக்கம் வைக்கப்பட்டது. அது துளியும் அசையாது, கை தரும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். 1974 ஜனவரி 20 அன்று ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டுமே திட்டம். விமானம் இருபுறமும் ஆடத் தொடங்கியது, இறக்கை நுனி தரையில் உரசும் நிலை. தரையில் வைத்து அடக்குவதைவிட மேலே எழுப்புவதே மேல் என்று விமானி ஃபில் ஆஸ்ட்ரிக்கர் முடிவு செய்தார். அதுவே அந்த விமானத்தின் திட்டமிடாத முதல் பறப்பு. அசையாத குச்சியில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குப் பிடிபடுவதில்லை என்று விமானிகள் சொன்னதால், பின்னாளில் அதற்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் அசைவு கொடுக்கப்பட்டது.

இதே எஃப்-16 பிடியின் நகலாக, முழுக்க உலோகத்தில் கூகர் என்ற ஜாய்ஸ்டிக்கை த்ரஸ்ட்மாஸ்டர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. பிடி அருமை, உள்ளே தண்டைத் தாங்கும் சட்டகம் அப்படியில்லை. நடுவில் தொளதொளவென்று ஆட்டம், பொட்டென்ஷியோமீட்டர்களின் பழைய நோய் வேறு. வாங்கியவர்களே அதைத் திறந்து, தேய்மானமில்லாத ஹால் சென்சார்களைப் பொருத்தினார்கள். காந்தத்தின் நெருக்கத்தை அளக்கும் இந்தச் சில்லுக்கு அடிப்படையான விளைவை எட்வின் ஹால் 1879-லேயே கண்டறிந்துவிட்டார். உரசல் இல்லை என்பதால் தேய்வதற்கும் எதுவுமில்லை. சிலர் சட்டகத்தையே கடைசல் இயந்திரத்தில் புதிதாகச் செய்து விற்றார்கள். இன்னும் சிலர் அசைவையே நீக்கி, நிஜ எஃப்-16 போல அழுத்தத்தை அளக்கும் அமைப்பை உள்ளே வைத்தார்கள். நிஜ விமானிகள் குறைசொன்ன ஒன்றை வீட்டு விமானிகள் பணம் கொடுத்து வாங்கியது இந்த வரலாற்றின் சுவாரஸ்யமான முரண்.

ஆனால் உடம்புக்கு உண்மையான நிம்மதி தந்தது வேறொரு மாற்றம். அது ஒரு குழாய்த்துண்டு.

கணக்கு எளிது. அடி மூட்டிலிருந்து கை பிடிக்கும் இடம்வரை 20 சென்டிமீட்டர் உள்ள குச்சியை 20 பாகை சாய்த்தால், கை நகர்வது ஏழு சென்டிமீட்டர். நடுவே 10 சென்டிமீட்டர் குழாயைச் செருகினால் அதே சாய்வுக்குக் கை பத்தரை சென்டிமீட்டர் நகரும். முன்னே போகும் எதிரி விமானத்தைக் குறிவைக்கும்போது தேவைப்படும் மயிரிழைத் திருத்தங்களை இப்போது விரலுக்குப் பதில் முன்கை முழுவதும் பார்த்துக்கொள்ளும். தேவைப்படும் விசையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். நீண்ட குச்சி மேசைமேல் நிற்காது, அதனால் அது கீழே இறங்கியே ஆக வேண்டும். நாற்காலியின் முன்விளிம்பில் ஒரு பலகையை முடுக்கி, முழங்கால்களுக்கு நடுவே அடித்தளத்தைப் பொருத்தினார்கள். முன்கை தொடையில் சாய்ந்தது, தோள் இறங்கியது.

2010-இல் த்ரஸ்ட்மாஸ்டரின் வார்த்தாக் வந்தபோது இந்த வேலை பரவலானது. ஏ-10 விமானத்தின் பிடியை உலோகத்தில் நகலெடுத்த அந்த ஜாய்ஸ்டிக்கில் பிடி தனியே கழலும். 36 மில்லிமீட்டர் மரையும் ஐந்து ஊசி இணைப்பும் அதைப் பிடித்துவைத்திருக்கும். மரைக்கு ஏற்ற குழாயும், நீட்டிய ஒரு வயரும் இருந்தால் போதும். பிடி கனமானது, ஸ்பிரிங் கடினமானது, உள்ளே பந்துமூட்டு பிளாஸ்டிக். அதனால் முதல் அசைவில் சிக்கி விடுபடுவது போன்ற உணர்வு. நையோஜெல் 767ஏ என்ற கெட்டியான கிரீஸைத் தடவுவது அந்தக் காலத்து வீட்டு வைத்தியம்.

ஹெலிகாப்டர் பிரியர்களின் தேவை நேர் எதிரானது. ஹெலிகாப்டர் தண்டு விட்ட இடத்தில் நிற்க வேண்டும்; ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துக்கொண்டேயிருந்தால் மணிக்கட்டு ஓயாமல் அதோடு மல்லுக்கட்டும். கா-50, ஹ்யூயி போன்ற ஹெலிகாப்டர்கள் டிசிஎஸ் விளையாட்டில் வந்தபின், ஸ்பிரிங்கை முழுதாகக் கழற்றிவிட்டு, உரசலுக்கு ரப்பரோ தோலோ வைத்து இறுக்கியவர்கள் பலர். இருக்கையின் இடப்புறம் மேலும் கீழும் இழுக்கும் நெம்புகோலைப் பிவிசி குழாயில் செய்து, அதன் நுனியில் மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டரைப் பொருத்தினார்கள். இவர்களின் இன்னொரு பொக்கிஷம் மைக்ரோசாஃப்ட்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2. உள்ளே இருக்கும் மோட்டார்கள் நடுவை மாற்றித் தரும் என்பதால், உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆன பின்னும் பழைய சாமான்களில் தேடிப்பிடித்து, மோட்டார்களை மட்டும் எடுத்துப் புதிய நீண்ட தண்டில் இணைக்கிறார்கள்.

யுஎஸ்பி வந்து பழைய பதினைந்து ஊசி இணைப்பு மறைந்தபோது வீட்டு வேலை நின்றுவிடும்போல் இருந்தது. இரண்டு கம்பியை நேரே செருகும் காலம் போய், நடுவில் ஒரு மூளை தேவைப்பட்டது. பிரிட்டனில் லியோ போட்னார் விற்ற சிறு பலகை எட்டு அச்சுகளையும் முப்பத்திரண்டு பொத்தான்களையும் ஏற்றது. எம்ஜாய் போன்ற இலவச நிரல்களைச் சில்லில் ஏற்றித் தாங்களே பலகை செய்தவர்களும் உண்டு. 2012-இல் வந்த ஆர்டுயினோ லியோனார்டோ என்ற பலகையால், தக்க நிரலை ஏற்றினால், தன்னைத்தானே ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும். நான்கு அச்சு என்ற பழைய கட்டுப்பாடு இந்தப் பலகைகளோடு ஒழிந்தது.

வீட்டில் செய்தவை கடைக்கு வந்தன. விகேபி, விர்பில் போன்ற நிறுவனங்கள் நீட்டிப்புக் குழாய்களைத் தங்கள் அட்டவணையில் சேர்த்தன. மாற்றக்கூடிய ஸ்பிரிங்குகளும், இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதியும், நாற்காலியில் மாட்டும் இரும்புத் தாங்கிகளும் விலைக்குக் கிடைக்கின்றன. விலைதான் இடிக்கும்.

2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்தபோது உலகம் கொரோனா ஊரடங்கில் இருந்தது. கடைகளில் ஜாய்ஸ்டிக் தீர்ந்துபோனது. பின்லாந்துக்காரர் அகாகி கூமெரி அந்த நேரத்தில் வெளியிட்ட வடிவங்களை த்ரீடி பிரிண்டர் வைத்திருப்பவர் யாரும் அச்சிடலாம். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்மேல் அப்படியே மாட்டும் குட்டித் தண்டும் த்ராட்டிலும் அவை. வயர் கிடையாது, சென்சார் கிடையாது, கன்ட்ரோலரின் கட்டைவிரல் குமிழைச் சின்ன இணைப்புக் கம்பிகளால் தள்ளும் நெம்புகோல்கள் மட்டுமே. மறு ஆண்டு அவர் அதே உத்தியைக் கொண்டு, ஒரு கையை மட்டும் பயன்படுத்த முடிந்தவர்கள் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரை முழுதாக இயக்க ஒரு துணைக்கருவி செய்தார். கன்ட்ரோலரைத் தொடைமேல் வைத்து, முழுக் கருவியையும் சாய்த்தால் மறுபக்கத்துக் குமிழ் நகரும்.