ஊதச் சொன்ன சட்டம்

1966இல் பிரிட்டன் சாலைகளில் 7,985 பேர் இறந்தார்கள். போரில்லாத காலத்தில் அந்நாடு கண்ட மிக அதிக எண்ணிக்கை அது. அப்போதும் குடித்துவிட்டு வண்டியெடுப்பதை ஊர் பெரிய குற்றமாக எண்ணவில்லை. கிளம்புகிறவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுப்பது உபசாரத்தில் சேர்த்தி. போதையில் ஓட்டினால் தண்டனை என்று 1925 முதலே சட்டம் இருந்தது. ஆனால் போதையை நிரூபிக்க, கோட்டின்மேல் நேராக நடந்தாரா, நாக்குக் குழறியதா என்று மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும். தாங்களும் குடித்துவிட்டு ஓட்டிய ஜூரிகளுக்குக் கூண்டில் நின்றவர்மேல் இரக்கம்தான் வந்தது. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில் 1967 அக்டோபரில் இந்த மழுப்பலுக்கு முடிவு கட்டினார். 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் போனால் குற்றம். சாலையோரத்திலேயே ஒரு கண்ணாடிக் குழாய் வழியாகப் பையை ஊதி நிரப்ப வேண்டும். குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் படிகங்கள், போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிப் பச்சையானால் காவல் நிலையம். தனிமனித உரிமை போயிற்று என்றார்கள், மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், வண்டி ஓட்டவே தெரியாத பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்றும் ஏசினார்கள். 1968இல் சாலைச் சாவுகள் ஏழாயிரத்துக்குக் கீழே இறங்கின. மக்கள் மனம் மாறட்டும், பிறகு சட்டம் போடலாம் என்று காஸில் காத்திருந்தால் அந்த உயிர்கள் போயிருக்கும்.

அது வெறும் பயம், மனமாற்றம் அல்ல என்று மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. பிடிபடும் வாய்ப்புக் குறைவு என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டதும் சில ஆண்டுகளில் பலன் தேய்ந்தது. 1979இல்கூடக் குடித்து ஓட்டியதால் நேர்ந்த விபத்துகளில் 1,640 பேர் மாண்டார்கள். ஆனால் சோதனையும் பிரசாரமும் விடாமல் தொடர்ந்ததில் பயம் மெல்லப் பழக்கமானது, பழக்கம் மானப் பிரச்சினையானது. 2010களில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு 250ஐ ஒட்டி நின்றது. அங்கே இன்று குடித்துவிட்டு ஓட்டினேன் என்று சொல்லவே கூசுவார்கள்.

கைபேசியில் பேசிக்கொண்டே ஓட்டுவதற்கு அந்தக் கூச்சம் இன்னும் வரவில்லை. சட்டம் தவறான இடத்தில் கோடு போட்டதை இதற்கு முக்கியக் காரணமாக நினைக்கிறேன். டொரான்டோவில் 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வந்த ஆய்வு, பேசும்போது மோதும் அபாயம் நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. ஆனாலும் 2003 டிசம்பரில் பிரிட்டன் தடுத்தது கையில் பிடிப்பதை மட்டும்தான். கை சும்மா இருந்தால் போதும், கவனம் எங்கே போனாலும் பரவாயில்லை என்று மக்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று கேட்பார்கள். அவர் கண்ணும் சாலையில் இருக்கிறது. லாரி குறுக்கே வந்தால் அவரே வாயை மூடிக்கொள்வார். மறுமுனையில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. மூச்சை அளக்கலாம், கவனத்தை எப்படி அளப்பது என்பது கனமான கேள்விதான். ஆனால் விபத்து நேரத்தில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்ததா என்பதைக் கைபேசி நிறுவனத்தின் பதிவே நிமிடக் கணக்கில் காட்டிவிடும். கையில் பிடித்தால் அபராதம் 30 பவுண்டிலிருந்து 2017இல் 200 ஆனது. 2022இல் படம் எடுப்பதும் பாட்டுப் பட்டியலைத் தள்ளுவதும்கூடத் தடைக்குள் வந்தன. கையில் பிடிக்காமல் பேசுவதற்கு மட்டும் சட்டம் இன்றும் வழிவிட்டே நிற்கிறது.