சட்டத்தின் சொல்லும் கணிப்பொறியின் வினாவும்

பெற்றோர் இன்னாரென்று அறியப்படாத பச்சிளங் குழந்தை ஒன்று இலண்டன் வீதியில் கண்டெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்நாட்டுக் குடிமகன்? 1981இல் இயற்றப்பட்டு, 1983 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அக்குழந்தை பிரிட்டனிலேயே, அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்குக் குடியமர்ந்தவராகவோ இருந்த ஒருவருக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி உள்ளிட்ட அறுவர், இச்சட்டத்தின் பெரும்பகுதியைக் கணிப்பொறிக்கு விளங்குமாறு எழுதி, அம்முயற்சியை 1986இல் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் கையாண்டது ‘புரோலாக்’ என்னும் மொழி. 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கொல்மெரோவர் உருவாக்கியது. ‘இவையிவை உண்மையாயின் இது உண்மை’ என்பதே அம்மொழியின் வாக்கிய அமைப்பு. சட்டத்தின் வாக்கியமும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்திருப்பதால், தொடக்கத்தில் வேலை எளிதாகவே தோன்றியிருக்கும்.

ஆயினும் பொறி வினாவை நிறுத்துவதில்லை. ‘குடியமர்ந்தவர்’ என்றால் யார்? ஐம்பதாம் பிரிவு விடையளிக்கிறது: தங்குவதற்குக் காலவரம்பு விதிக்கப்படாமல், வழக்கமாக அங்கு வசிப்பவர். ‘வழக்கமாக வசிப்பவர்’ யார்? இங்கே மனிதர்தாம் தீர்ப்பளிக்க வேண்டும். (வேற்று மாநிலங்களில் வாழும் நாம், விண்ணப்பத்தாளில் ‘நிலையான வசிப்பிடம்’ என்ற கட்டத்தருகே பேனாவை நிறுத்தித் தயங்கியவர்கள்தாமே!) வெளிநாட்டார் குடியுரிமை பெறுவதற்கு வேண்டிய ‘நன்னடத்தை’யும் அத்தகையதே.

அனைத்தினும் கடினமானது ‘மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி’ என்ற தொடர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நான், இத்தகைய ‘அன்றி’களைத் தமிழில் உரிய இடத்தில் வைப்பதற்கே பலமுறை திணறியிருக்கிறேன். புரோலாக்கில் மெய்ப்பிக்க இயலாதது பொய்யெனக் கொள்ளப்படும். ஆகவே பெற்றோரைப் பற்றிய செய்தி இல்லாதவரை குழந்தை குடிமகனே. மறுவாரம் பெற்றோர் அகப்பட்டு, இருவருமே சில நாள் தங்க வந்த அயல்நாட்டார் என்று தெரிந்தால்? நேற்றுக் கண்ட முடிபு இன்று விலகிவிடும். பொறிக்கு அது வெறும் திருத்தம். குழந்தைக்கோ நாடே கைநழுவுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பின் அமெரிக்காவில் டிராவிஸ் பிரோ, ஆனி ஆன்டன் ஆகியோர், நோயாளர் குறிப்புகளின் மறைவைக் காக்கும் விதிகளை ஆராய்ந்தனர். மருத்துவமனை மென்பொருளுக்கு எது உரிமை, எது கடமை என அவ்விதிகளிலிருந்து வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தெடுக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். பிரான்சிலோ, சட்டப் பிரிவுக்கு அருகிலேயே நிரலையும் எழுதி, வழக்கறிஞரும் நிரலாளரும் ஒருங்கே அமர்ந்து சரிபார்க்கும் ‘கதாலா’ என்னும் மொழியை 2021இல் வெளியிட்டனர். குடும்ப உதவித்தொகைச் சட்டத்தை அம்மொழியில் எழுதிப் பார்த்தபோது, அரசின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது.