எட்டில் எட்டு

'எட்டில் எட்டு' என்றதும் யூனிட் டெஸ்ட் மார்க் என்று நினைத்துவிட வேண்டாம். இது பழைய சவரக்கத்தியின் அகலம். அலகை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று அளப்பது வழக்கம். எட்டில் எட்டு என்றால் முழுசாக ஒரு அங்குலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த மாதிரி பெரிய கத்திகளுக்குப் பேர் போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. சேகரிப்பவர்கள் இன்று 'சாப்பர்' என்கிறார்கள். பார்க்க கறி வெட்டுகிற கத்தி மாதிரிதான் இருக்கும்.

முரட்டு உருவம், ஆனால் நல்ல டிசைன். தீட்டும்போது முதுகும் கூரும் சேர்ந்தே கல்லில் படும். ஆகவே கூரின் கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானித்துவிடுகிறது, தனியாக ஜிக் வேண்டாம். அகலம் 25 மி.மீ., முதுகு 7 மி.மீ. என்றால் கோணம் சுமார் 16 டிகிரி. (கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்கள்!) தீட்டத் தீட்ட கூர் தேயும், முதுகும் கூடவே தேயும். அதனால் பல வருஷம் ஆனாலும் கோணம் அதிகம் மாறாது.

எஃகுக்கு வழி காட்டியவர் ஒரு கடிகாரக்காரர். அதுவரை இருந்த எஃகில் கார்பன் ஒரே சீராகப் பரவியிருக்காது. கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு தேடிய பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், 1740-களில் ஷெஃபீல்டு பக்கத்தில் அதை மண் மூசையில் போட்டு முழுதாக உருக்கினார். மூசையில் எஃகு உருவாக்குவது நம் நாட்டில் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்தைய சமாச்சாரம், அது தனிக் கதை. உள்ளூர் கத்திக்காரர்களோ "ரொம்பக் கடினம்" என்று ஒதுக்கிவிட்டார்கள். பிரான்ஸுக்காரர்கள் வாங்கிப் பயன்படுத்திய பிறகுதான் இவர்களும் வழிக்கு வந்தார்கள்.

பிற்பாடு சின்னச் சக்கரங்களில் இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய கத்திகள் வந்தன. ஜெர்மனியின் ஸோலிங்கன் அதில் முந்திக்கொண்டது. 1903-இல் கில்லெட் விற்பனைக்கு வந்தபின் நேர்கத்தியே மெல்ல வீட்டை விட்டுப் போயிற்று.

சரி, அந்தச் சாப்பர்களுக்குச் சாணை பிடித்தது யார்? நம் வொர்க்‌ஷாப்பில் கண்ணாடி போட மறந்தாலே திட்டு விழும். ஷெஃபீல்டில் ஆட்கள் சுழலும் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, கல் தூசியையும் இரும்புத் தூசியையும் நாள் முழுக்க மூச்சில் இழுத்தார்கள். அவ்வூர் டாக்டர் நைட் சொன்ன கணக்கை எங்கல்ஸ் 1845-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். ஊரில் சாணைக்காரர்கள் சுமார் 2,500 பேர். உலர்ந்த கல்லில் முள்கரண்டி சாணை பிடித்தவர்கள் 28-லிருந்து 32 வயதுக்குள் இறந்தார்கள். உலர்ந்த கல், ஈரக் கல் இரண்டிலும் வேலை செய்த சவரக்கத்திக்காரர்களுக்கு 40-லிருந்து 45. என் பேட்ச்காரர்கள் தங்கள் வயதை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

கல்லுக்கு மூடி போட்டு, தூசியைக் காற்றால் இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு அப்போதே இருந்தது. தொழிலாளர்களே அதை வேண்டாம் என்றார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். ஆபத்து குறைந்தால் இன்னும் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்துவிடுவார்கள், கூலி இறங்கிவிடும் என்ற பயம்.